பழைய மாணவர் பட்டியல்



கல்லூரிகள் பலவும் ஆண்டுதோறும் ஆண்டு மலர் ஒன்றை வெளியிடுவது வழக்கம். அம்மலரின் கடைசிப் பக்கங்கள் இரண்டு மூன்று, ‘பழைய மாணவர் செய்திகள்’ என்ற தலைப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். இன்னார் இன்ன பதவிக்கு உயர்ந்தார். இன்னார் வெளிநாட்டில் டாக்டர் பட்டம் பெற்றார். இன்னார்க்கு அரசினர் விருது வழங்கினர் என்று வரிசையாகச் செய்திகள் காணப்படும். மலரைக் கையில் வாங்கும் மாணவர், தம் படம் அதில் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பர். ஆனால், கல்லூரியை விட்டு முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த ஒருவர் கையில் அதே மலர் கிடைத்தால், அவர் முதலில் புரட்டுவது அக்கடைசிப் பக்கங்களையே ஆகும்.

அப்பக்கங்களில் எதனை எழுத வேண்டும், எதனை எழுதாமல் விடுகிறோம் என்பதைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறேன். இது சிறிய பொருள் போலத் தோன்றலாம். ஆயினும், ஒரு கல்வி நிலையம் எத்தகைய வாழ்வைச் சிறந்த வாழ்வாகக் கருதுகிறது என்பதை, அது தன் பழைய மாணவரைப் பற்றி எழுதும் முறையைக் கொண்டு அறிந்துவிடலாம். வகுப்பில் அமர்ந்திருக்கும் இளைஞர் அப்பக்கங்களைப் படித்தே, ‘வெற்றி என்பது இதுதான் போலும்’ என்று முடிவு செய்கின்றனர்.

பழைய மாணவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘அலும்னி’ என்னும் இலத்தீன் சொல் வழங்குகிறது. ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் என்பது அதன் பொருள். அதற்கேற்பவே கல்லூரியை ‘அல்மா மேட்டர்’, அதாவது ஊட்டும் தாய் என்று வழங்குவர். பிள்ளையின் பெருமையைத் தாய் பேசுவது இயல்பே. ஆனால், தாய் என்பவள் பெரிய சம்பளம் வாங்கும் பிள்ளையை மட்டும் பிள்ளை என்று சொல்லிக்கொள்பவள் அல்லள் அன்றோ?

எடுத்துக்காட்டாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தையே கொள்வோம். 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றுள் சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாளில் சட்டப்படி அமைந்தது. முதல் ஐம்பது ஆண்டுக்காலம் அது பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமாகவே இருந்தது. கற்பித்தல் அனைத்தும் கல்லூரிகளில் நடைபெற்றது. பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிட்ட ‘காலண்டர்’ என்னும் பெரிய தொகுதியில், அதன் பட்டம் பெற்றவர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டன. நம் நாட்டின் பழைய மாணவர் பட்டியல்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று அது எனலாம்.

அப்பட்டியலின் தலைப்பிலே நிற்கும் இருவரும் யாழ்ப்பாணத்தார் என்பது நம் நினைவில் இருக்க வேண்டிய செய்தி. பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும், யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்த விசுவநாதபிள்ளையும் ஆவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்வை எழுதி, ஒரே பட்டத்தைப் பெற்றனர். ஆசிரியத் தொழிலில் ஆண்டு பல கழித்த எனக்கு, இதனை நினைக்குந்தோறும் மனம் நெகிழும்.

தாமோதரம்பிள்ளை அரசாங்கக் கணக்குத் துறையில் பணியாற்றினார். பின்னர்ச் சட்டம் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். அக்காலத்தில் கல்லூரி மலர் ஒன்று அவரைப் பற்றி எழுதியிருக்குமானால், இந்த மூன்று வரிகளோடு அது முடிந்திருக்கும். ஆனால், அவரை நாம் இன்று நினைப்பது இவற்றுள் எதற்காகவும் அன்று. பதவிக் கடமை போக மிஞ்சிய நேரத்தில் அவர் ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கினார். 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். சங்கத் தொகை நூல்களுள் ஒன்று முழுமையாக அச்சில் வந்து கற்பார் கைக்கு எட்டியது அவர் உழைப்பால். பல்கலைக்கழகம் அவருக்கு அளித்தது ஒரு பட்டம். அவர் தம் மொழிக்கு அளித்ததோ அழிந்துபோக இருந்த நூல்கள். பழைய மாணவர் செய்தி என்பது இரண்டாவதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இனி, யாவரும் அறிந்த ஒருவரைக் காண்போம். சர். சி. வி. இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904இல் பி.ஏ. பட்டமும் 1907இல் எம்.ஏ. பட்டமும் பெற்றவர். மாணவராக இருந்தபோதே 1906இல் அவருடைய ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தது. 1907இல் நிதித்துறைப் பதவி பெற்றுக் கல்கத்தா சென்றார். பழைய மாணவர் பக்கத்துக்கு இதைவிடச் சிறந்த செய்தி வேறு கிடைக்காது: இளம் வயது, பெரும் பதவி, நல்ல ஊதியம். ஆனால், பத்தாண்டுகளாக அவர் காலையிலும் மாலையிலும் அலுவலக நேரம் போகப் பௌபஜார் தெருவில் இருந்த ஆய்வுக் கழகம் ஒன்றில் தனியே ஆராய்ச்சி செய்து வந்தார் என்பதை எந்தப் பதவிப் பட்டியலும் சொல்லாது. 1917இல் அவர் அப்பெரும் பதவியைத் துறந்து, அதனினும் குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நேயர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். ‘நம் பழைய மாணவர் ஒருவர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்’ என்று எந்த மலராவது மகிழ்ந்து எழுதுமா? ஆயினும், 1928இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவுக்கும், 1930இல் கிடைத்த நோபல் பரிசுக்கும் வழி திறந்தது அந்தக் குறைந்த சம்பளமே அன்றோ?

பெண்மக்களின் பெயர்கள் அப்பட்டியலில் ஏறிய வரலாறு தனிச் சிறப்புடையது. 1911இல் மாநிலக் கல்லூரியிலிருந்து பி.ஏ. தேறிய சுப்பலட்சுமி அம்மையார், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி ஆவார். பட்டியலில் அது ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்வைக் கேளுங்கள். சிறுமியாக இருந்தபோதே மணமுடிந்து, சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்தவர் அவர். அந்நாளில் அத்தகைய சிறுமிக்கு விதிக்கப்பட்டிருந்தது வீட்டின் இருண்ட மூலை. அவருடைய தந்தையார் ஊராரின் பழிச்சொல்லைப் பொருட்படுத்தாது மகளைப் படிக்க வைத்தார்.

பட்டம் பெற்ற அம்மையார் அதனை அணிகலனாகக் கொள்ளவில்லை. தம்மைப் போலவே கைம்மைத் துயருற்ற சிறுமியர் சிலரைச் சேர்த்து வைத்துக்கொண்டு எழும்பூரில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அவ்வில்லம் வளர்ந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடத்துக்கு மாறியது. அங்கே தங்கிப் பயின்ற இளம் விதவையர் பலர் ஆசிரியைகளாகி ஊர்ஊராகச் சென்றனர். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவியாகவும் அம்மையார் பொறுப்பேற்றார். கூட்டல் கணக்கு அறிந்தவர்கள் அந்த 1911ஆம் ஆண்டின் ஒரு வரியைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்; எத்தனை பள்ளிக்கூடங்களில், எத்தனை சிறுமியர் கையில் அது சிலேட்டாகவும் புத்தகமாகவும் மாறியிருக்கும்!

அவர் பிறந்த அதே 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். ஆண்களே பயின்ற கல்லூரியில் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்புடன் தேறினார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1930இல் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாது, பல்லாண்டு முயன்று, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் செயற்படத் தொடங்குமாறு செய்தார்.

அவ்வரலாறு அத்துடன் முற்றுப்பெறவில்லை. அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் வி. சாந்தா அம்மையார் 1955இல் அந்நிலையத்தில் சேர்ந்தார். 2021இல் காலமாகும் வரையில் அந்நிலையமே அவருடைய வாழ்வாக இருந்தது. ஒரு பழைய மாணவி நட்ட மரத்துக்கு மற்றொரு பழைய மாணவி ஆயுள் முழுவதும் நீர் வார்த்தார். இருவரையும் தனித்தனிப் பெயர்களாகப் பட்டியலில் அச்சிட்டால் இந்தத் தொடர்பு நம் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும்.

மற்றொரு பெண்மணியையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் கலப்பின ஆய்வுகளைச் செய்தவர். 1945இல் டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். உலகின் பல நாடுகளில் பணியாற்றிய பின், தம் முதுமைக் காலத்தில் அவர் வந்து சேர்ந்த இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வு மையமே. மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில், 1984இல் உயிர் நீங்கும் வரையில் செடிகளோடு வாழ்ந்தார். ஊட்டிய தாயிடமே பிள்ளை திரும்பி வந்தது போன்றது அது.

இதுகாறும் சொல்லியவர்கள் யாவரும் பட்டம் பெற்றவர்கள். இனி நான் சொல்லப்போகிறவரின் பெயர், பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள் பட்டியலில் இருக்க வழியே இல்லை. அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்ந்த பாடங்களில் கருத்துச் செலுத்தாமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. நம் கணக்கின்படி அவர் ‘படிப்பு வராத பையன்’. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், அதன்பின் நிகழ்ந்தனவும் உலகறிந்தவை.

இங்கே நாம் பாராட்ட வேண்டிய மற்றொரு செயலும் உண்டு. அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்க வேண்டும் என்ற கருத்து, 1913இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் முன் வந்தது. பட்டமில்லாதவர்க்கு அதனை வழங்க விதிகள் இடம் தரவில்லை. ஆனால், பல்கலைக்கழகத்தை அமைத்த சட்டத்தின் முகவுரையையே எடுத்துக்காட்டி, ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று வாதிட்டனர் சிலர். உதவித்தொகை கிடைத்தது. விதியைவிட நோக்கம் பெரிது என்று கருதிய அந்த ஒரு நாளில், பல்கலைக்கழகம் மெய்யாகவே ஊட்டும் தாயாயிற்று.

1918இல் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுகளுக்கு உதவித்தொகை அளிக்க முன்வந்தது. அப்போது இராமானுஜன் நோயுற்று இங்கிலாந்தில் மருத்துவமனை வாசத்தில் இருந்தார். 1919 ஜனவரி 11ஆம் நாள் அவர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் தாயகம் திரும்பியபின் தமக்குக் கிடைக்கும் தொகை தம் தேவைக்கு மிக அதிகம் என்பதும், தம் பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்துத் தம் செலவும் போக எஞ்சியதை ஏழை மாணவர், அனாதைச் சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்பதுமே அக்கடிதத்தின் கருத்து. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் 26ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 32.

பல்கலைக்கழகத்தின் எந்தத் தேர்விலும் பட்டம் பெறாத ஒருவர், பள்ளிக் கட்டணம் செலுத்த முடியாத பிள்ளைகளை நோய்ப்படுக்கையிலும் நினைத்துக் கடிதம் எழுதுகிறார்! பழைய மாணவர் என்ற பெயருக்கு இவரினும் உரியவர் யார்? ஆனால், தேறியவர் பெயரை மட்டுமே அச்சிடும் பட்டியல் இவரை வெளியே நிறுத்திவிடுகிறது.

அவரை மறவாத பழைய மாணவர் இருந்தனர். மாநிலக் கல்லூரியில் 1930 வரையில் பயின்று, பிற்காலத்தில் 1983இல் நோபல் பரிசு பெற்ற சு. சந்திரசேகர், 1936இல் இந்தியா வந்தபோது இராமானுஜனின் மனைவியாரைக் கண்டு, கணவரின் கடவுச்சீட்டுப் படத்தைத் தேடிப் பெற்றார். இன்று நாம் நூல்களில் காணும் அந்தக் கூரிய விழிகளையுடைய முகம் நமக்குக் கிடைத்தது அவ்வாறே. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் இராமானுஜன் பெயரால் கணித நிலையம் ஒன்றை நிறுவினார். 1957இல் வள்ளல் மறைந்ததும் அந்நிலையம் பொருளின்றித் தவித்தது. சிகாகோவில் இருந்த சந்திரசேகர் அதன் பொருட்டுப் பிரதமர் நேருவுக்கு எழுதினார். நிலையம் பிழைத்தது. இன்றும் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக விளங்கி வருகிறது.

பிறரைக் குறை கூறுவதற்காக இவற்றை நான் சொல்லவில்லை. நானும் அப்பிழையைச் செய்தவனே. நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், ஆண்டு விழா மலருக்காகப் பழைய மாணவர் பட்டியலை நானே தொகுத்தேன். மருத்துவர், பொறியாளர், வங்கி அலுவலர் என ஒரு பக்கம் நிறைந்தது. அச்சகத்தில் அப்பக்கத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர், “ஐயா, பெயர்களெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். இவர்களில் நாலைந்து பேர் என்னோடு படித்தவர்கள். பெயர் பிழையாக வந்தால் வருந்துவார்கள்” என்றார். நானும் பார்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். மலர் அச்சாகி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரும் என் மாணவரே. பத்தாம் வகுப்பில் தவறி, தொழில் கற்று, அப்பத்துப் பன்னிரண்டு பெயர்களையும் பிழையின்றிக் கோத்துக் கொடுத்தவர். அவர் பெயர் அதில் இல்லை. அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னாரில்லை.

அடுத்த ஆண்டு மலரில் அவர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, தம் தலைப்பெழுத்தை நான் மாற்றி எழுதியிருந்ததை மட்டும் திருத்திக்கொண்டார்!

ஆகவே, கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் மலர் தொகுக்கும் அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பழைய மாணவர் இன்ன பதவியில் இருக்கிறார் என்று எழுதுவதோடு நில்லாமல், அவர் செய்யும் பணி யாருக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டாவது, சென்று சேர்ந்த இடத்தை மட்டுமன்றி, நடந்த வழியையும் எழுதுங்கள். இடையில் தவறிய தேர்வு, கைவிட நேர்ந்த படிப்பு, மீண்டும் எழுந்த முயற்சி ஆகியவற்றை மறைக்க வேண்டுவதில்லை. தேர்வில் தவறி மூலையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவனுக்கு, ஆயிரம் அறிவுரையினும் அந்த ஒரு வரி பெருந்துணையாகும். மூன்றாவது, படிப்பை முடிக்காமல் போனவரையும் தேடிக் கண்டு எழுதுங்கள். அவர்களும் நம் வகுப்பறையின் விசிப்பலகையில் அமர்ந்தவர்களே.

பழைய மாணவராகிய நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களைப் பற்றிய செய்தியைக் கல்லூரி தானே அறிந்து எழுதட்டும் என்று காத்திராதீர்கள். பெரிய செய்தி இருந்தால்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. ஓர் அஞ்சலட்டை போதும். உங்கள் பெயர், படித்த ஆண்டு, இப்போது செய்யும் தொழில், உங்களுடன் படித்துத் தொடர்பற்றுப் போன ஒருவரின் பெயர் ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். நான்காவதை மறவாதீர்கள், பட்டியலில் விடுபட்டுப்போன ஒருவர் அதனால் அகப்படக்கூடும்.